உட்கார்ந்து சொன்ன சாட்சி

குளித்துவிட்டு வந்தால் நான் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். தலை துவட்டுவதே மலையேற்றம். மூன்று வருடமாக இப்படித்தான். பெருங்கடவிளையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்த்த வேலையையும் விட்டேன். ரத்தம், தைராய்டு எல்லாம் சோதித்தாயிற்று. தாளில் பார்த்தால் நான் ஓட்டப்பந்தயத்துக்கே போகலாம்.

“வியாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மடியாக்கும் இவளுக்கு,” என்றாள் சித்தி. மடி என்றால் எங்கள் பக்கம் சோம்பல். சபையிலிருந்து ஜெபக்குழு வந்து முக்கால் மணி நேரம் சோர்வின் ஆவியை உரக்கத் துரத்தியது. நான் நடுவிலேயே தூங்கிப்போனேன்.

நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரம்மாதான் இதை நாள்பட்ட சோர்வு நோய் என்றார். சின்ன வயதில் யாருக்காவது பயந்து வாழ்ந்தாயா என்று மலையாளத்தில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இறந்துபோன என் அப்பா சபைச் செயலாளராக இருந்தவர், ஊருக்குத் தங்கமான மனிதர். வீட்டுக்குள் நுழைந்ததும் பெல்ட்டைக் கழற்றுவார். அவர் ஸ்கூட்டர் வளைவில் திரும்பும் சத்தத்துக்கு, பள்ளிவிட்டு வந்ததிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். இதையெல்லாம் சொன்னேன். “அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்,” என்றார் டாக்டரம்மா. “ஆனால் அத்தனை வருடம் காவல் நின்ற உடம்பு அதை மறந்திருக்காது.”

அடுத்த மாதம் அப்பாவின் நினைவு ஜெபம் வீட்டில் நடந்தது. எல்லோரும் புகழ்ந்து முடித்ததும், என்னையும் சாட்சி சொல்ல எழுப்பினார் பாஸ்டர்.

“அப்பா நல்லா பாடுவாரு,” என்றேன். “எங்கள பெல்ட்டால அடிக்கவும் செய்வாரு.”

பாஸ்டர் வேதாகமத்தை மூடினார், திறந்தார். “செத்தவரப் பற்றி பேசுத பேச்சா பிள்ளே இது?” என்று சித்தி எகிறினாள். என் கால்கள் வெடவெடத்தன. தைரியக் குறைவால் அல்ல, இரண்டு நிமிடத்துக்கு மேல் அவை நிற்பதில்லை. அம்மா அடுக்களையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“இருந்து சொல்லு மக்கா. பொறவு நானும் சொல்லணும்.”

உட்கார்ந்து சொன்னேன். பிறகு அம்மா சொன்னாள், என்னைவிட நீளமாக. அதற்குமேல் என்ன பாட்டுப் பாடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் புட்டும் கடலையும் ஒன்றும் மிச்சமில்லாமல் காலியாயின.

நோய் போய்விடவில்லை. அன்றைய பேச்சுக்கு நான்கு நாள் படுத்தே கிடந்தேன். அம்மா கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைத் தள்ளிப் படுக்கச் சொல்லி அருகிலேயே சாய்ந்தாள்.

“எனக்கும் க்ஷீணம் உண்டு, இதே சோர்வு,” என்றாள். “ஆரும் கேட்டதில்ல.”

நானும்தான் கேட்டதில்லை. போர்வையில் பாதியைக் கொடுத்தேன்.