மூன்று சோடாப் போளைகள்

கதை நேரே வரவில்லை. ஒல்லாந்தில் தாதியாக வேலை செய்யும் தன்னாமுனைக்காரி மேர்லின் கண்டு தன் சித்திக்குச் சொல்ல, சித்தி காத்தான்குடியில் ஸுஹைனாவின் கடைக்கு லேஸ் வாங்க வந்த இடத்தில் வாயை விட, மூன்றாம் வாயில்தான் அது எல்சியின் காதுக்கு வந்து சேர்ந்தது.

“எல்சியக்கா, சொன்னாக் கோவிக்கப்படா,” என்றாள் ஸுஹைனா, மணித் தட்டை முன்னால் நகர்த்தியபடி. “உங்கட மம்மாட மாலை ஒல்லாந்துல ஒரு மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள தொங்குதாம். தன்ட கலியாணத்தண்டு தன்ட கழுத்துல கிடந்த மாலையத் தனக்குத் தெரியாதா எண்டு மேர்லின் கேட்டாவாம்.”

செபமாலைக்கென்று அள்ளிய மணிகளை எல்சி திரும்பத் தட்டிலேயே கொட்டினாள். அவளுக்கு வயது அறுபத்துமூன்று. பதினொரு வருடமாக ஊரில் அவளுக்கு ஒரு பட்டம் இருந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. பெற்ற தாயின் மாலையைத் திருடி விற்றவள்.

“எந்த ஊராம்?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த மாலை அவளுடைய மம்மாவின் பெட்டியில் கிடந்தாலும், போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் வீடுகளுக்கெல்லாம் பொதுப் பொருள் மாதிரி. நாற்பத்தொரு கண்ணாடி மணி, வாவியோரப் பாசியின் பச்சை. கலியாணம் என்றால் மணப்பெண்ணின் கழுத்துக்கு அது போகும், மறுநாள் திரும்பி வரும். பிறகு தமிழ்க் கத்தோலிக்க வீடுகளும் கேட்கத் தொடங்கின. ஒவ்வொரு கலியாணத்துக்கும் முன்னால் நூலைப் பிரித்துப் புதிதாகக் கோத்து, மணப்பெண்ணுக்குக் கட்டிவிடுவது எல்சியின் வேலை. அதைக் கட்டிவிடும்போது பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவள் மணி கோக்கிற தொழிலில் இருந்தாள் என்றும் சொல்லலாம்.

அவளிடம் ஓர் இரகசியம் இருந்தது. தம்பி ட்றெவரின் கலியாணத்தில், வயலின் இசை சூடுபிடித்த நேரம், ஆட்டத்தின் நடுவே மணப்பெண்ணின் கழுத்தில் நூல் அறுந்தது. மூன்று மணிகள் ட்றெவரின் புதுச் சப்பாத்துக்கடியிலேயே, அவனுக்கே தெரியாமல், நொறுங்கின. மம்மா அப்போது குசினிக்குள் இருந்தாள். எல்சி பொறுக்கியெடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து, புருஷன் பேசிலின் பட்டறையில் இரண்டு கிழமை இருந்தாள். பழைய சோடாப் போத்தலின் கழுத்துக்குள் கிடந்து உருளுமே கண்ணாடிக் குண்டு, அந்தப் போளை. அதே பச்சை. பேசில் அரைத்து அரைத்து அளவுக்குக் கொண்டுவந்தான். துளையை ஒரு பக்கமிருந்து போட்டால் கண்ணாடி வெடிக்கிறது. இரண்டு பக்கமும் போட்டபோது நடுவில் கோணிக்கொண்டது. ஐந்து தேறின. மூன்று மாலைக்குள் போயின, எட்டாவதாகவும் பத்தொன்பதாவதாகவும் முப்பதாவதாகவும். மிச்சம் இரண்டும் எல்சியின் காதுக்கு. மம்மா கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

பிறகு மம்மா படுக்கையில் விழுந்தாள். மெல்பேர்னிலிருந்து ட்றெவர் வந்து பன்னிரண்டு நாள் நின்றான். அவன் திரும்பிப் போன கிழமை பெட்டியைத் திறந்தால் மாலை இல்லை. மம்மாவோடு போனில் கதைத்தவன் சொன்னான்: “அக்காட்டக் கேளுங்க மம்மா. பேசில் அத்தான்ட ஒப்பரேஷனுக்குக் காசு எங்கால வந்த?” காசு பட்டறைச் சாமான் முழுவதையும் விற்று வந்தது. அதை மம்மாவின் காதுக்குள் ஏற்ற எல்சியால் முடியவில்லை. மம்மா கடைசி ஐந்து நாளும் அவள் கையால் ஒரு கரண்டி தண்ணீர் குடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பருக்கினால் குடித்தாள். எல்சி கிட்டப் போனால் சுவர்ப்பக்கம் திரும்பினாள். அந்தக் கடைசி நாளில் எல்சி மெல்பேர்னுக்குப் பதினேழு தரம் போன் எடுத்தாள். மம்மாவிடம் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லு தம்பி என்று கேட்கத்தான். அவன் எடுக்கவில்லை. அடக்கத்துக்கு மலர்வளையம் அனுப்பினான்.

அதற்குப் பிறகு எந்த மணப்பெண்ணும் எல்சியைக் கூப்பிடவில்லை.

மகள் அன்ட்றியா ஒல்லாந்தில் குடும்பமாகி ஆறு வருடம். வாங்க வாங்க என்று கேட்டதற்கெல்லாம் குளிர் ஒத்துக்காது என்ற எல்சி, இப்போது தானே போன் எடுத்தாள். “வாறன்.” கொழும்பில் விசா விண்ணப்பம் வாங்கியவர் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். “மியூசியமும் மார்க்கட்டும் பாக்க. நான் மணி கோக்கிற ஆள்,” என்றாள். ஒரு சொல்லும் பொய்யில்லை.

போய் இறங்கியதும் அவள் நேரே அந்த மியூசியத்துக்கு ஓடவில்லை. முதல் பத்து நாளும் வேறு நகரங்களின் மியூசியங்கள், திறந்தவெளிச் சந்தைகள். கண்ணாடிப் பெட்டிகளில் மூக்கு முட்ட நின்றாள். சந்தைகளில் ஒவ்வொரு மணியாக எடுத்து வெயிலுக்குப் பிடித்தாள். பழைய மணியை எதை வைத்துப் பழையது என்கிறீர்கள் என்று அன்ட்றியாவைக் கொண்டு கேட்பித்தாள். துளையின் விளிம்பு தேய்ந்திருக்கும், உள்ளே நூலோடிய தடம் இருக்கும் என்றார்கள். தாய் ஊர் பார்க்கிறாள் என்று அன்ட்றியா நினைத்தாள். எல்சியோ, வழக்குக்குப் போகிறவள் சட்டம் படிப்பதுபோல், மணி படித்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் அங்கே போனார்கள். மாலை கறுப்பு வெல்வெட்டின் மேல் கிடந்தது. எல்சி முதலில் எண்ணினாள். எட்டு. பத்தொன்பது. முப்பது. மூன்றும் அப்படியே இருந்தன.

“அட்டையில என்ன எழுதியிருக்கு?”

அன்ட்றியா தயங்கினாள். “அங்கிள் ட்றெவர் அன்பளிப்புச் செய்ததாம். அவர்ட சொந்தச் சேகரிப்பாம். முந்நூறு வருஷமா ஒரு மணிகூட மாறல்ல எண்டு போட்டிருக்கு.”

எல்சி சிரித்தாள். மகள் பயந்துவிட்டாள்; அந்தச் சிரிப்பை அவள் முன்பு கண்டதில்லை.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு பெண். மரியாதையாகத்தான் உட்காரவைத்தாள். எல்சி காதிலிருந்து இரண்டையும் கழற்றி மேசையில் வைத்தாள். “இதையும் அந்த மூண்டையும் ஒரே லைட்டுல வெச்சுப் பாக்கச் சொல்லு. துளை நடுவுல கோணியிருக்கும்.”

பெட்டியைத் திறந்து மாலையைக் கொண்டுவர நெடுநேரம் பிடித்தது. பூதக்கண்ணாடியோடு குனிந்த அதிகாரி சுலபத்தில் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

நடந்ததையெல்லாம் எல்சி சொல்லக் கேட்டுவிட்டு, இரண்டு வழி இருக்கிறது என்றாள். அக்காவும் தம்பியும் சேர்ந்து கொடுத்ததாக எல்சி கையெழுத்து வைத்தால் அட்டையை மாற்றலாம். எல்சியின் தாயின் பெயர் வரும், மூன்று மணியை மகள் செய்து சேர்த்தாள் என்றும் வரும், மாலை அதே இடத்தில் இருக்கும். அதுவல்ல, மாலை களவு போனது என்று சொன்னால், விசாரித்து முடியும்வரை இறக்கி உள்ளே பூட்டவேண்டும். எத்தனை வருடம் ஆகும் என்று தெரியாது. கொடுத்தவரிடமும் எழுதிக் கேட்கவேண்டும்.

“மம்மா,” என்றாள் அன்ட்றியா தமிழில், “அம்மம்மாட பேரு வரும். உங்கட பேரும் வரும். போதும்தானே.”

எல்சிக்கு ஒரு கணம் நெஞ்சு இளகத்தான் செய்தது. மம்மாவின் பெயர், கண்ணாடிக்குள், உலகம் பார்க்க. ஆனால் ‘சேர்ந்து கொடுத்தோம்’ என்றால் அவனும் அவளும் ஒரே கை. சுவர்ப்பக்கம் திரும்பிய முகம் அப்படியே திரும்பித்தான் இருக்கும்.

“இறக்கச் சொல்லு.”

“மம்மா...”

“இறக்கச் சொல்லு புள்ள. அவனுக்கு எழுதேக்க ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும். எந்தத் திகதியில, எந்தப் பெட்டிக்குள்ளயிருந்து, ஆரக் கேட்டு எடுத்த எண்டு. அவன்ட கையாலயே எழுதட்டும். அதில ஒரு பிரதி எனக்கு வேணும். கோயில் ஹோலில வெச்சு வாசிக்க.” கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: “கேக்கிறது அக்கா எண்டும் சொல்லச் சொல்லு. பேரைப் பிழை விடாம எழுதச் சொல்லு.”

கடிதம் அவனுக்குக் காலைச் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சேரவேண்டும் என்று அவள் விரும்பினாள். பாணில் பட்டர் பூசிக்கொண்டிருக்கும்போது. திறப்பான். முந்நூறு வருஷ மாலைக்குள் சோடாப் போத்தல் போளை என்று வாசிப்பான். பிறகு கேள்விக்கு வருவான். அன்ட்றியாவின் வீட்டில் பாத்திரம் கழுவும்போதும், ட்றாம் வண்டியில் போகும்போதும் அவள் அதை நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் இனித்தது.

மியூசியத்திலிருந்து கடிதம் போன எட்டாம் நாள் சனிக்கிழமைச் சந்தையில் நின்றார்கள். மணிக்கடைக்காரக் கிழவர் அவளை இப்போது அடையாளம் கண்டு தலையசைப்பார். அவள் பச்சை மணித் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தபோது கைப்பை அதிர்ந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். மெல்பேர்ன் இலக்கம். பதினொரு வருடத்தில் முதல் தடவை.

“அங்கிள் ட்றெவரா?” அன்ட்றியா எட்டிப் பார்த்தாள். “எடுங்க மம்மா. மன்னிப்புக் கேக்கத்தான் எடுக்கிறாராக்கும்.”

“கேக்கட்டும். எழுதிக் கேக்கட்டும்.”

அடித்து ஓய்ந்தது. மறுபடி தொடங்கியது. எல்சி போனை மணித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அந்த அதிர்வில் மணிகளெல்லாம் சின்னச் சத்தத்தோடு நடுங்கின. கிழவர் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மம்மா, எல்லாரும் பாக்கினம்.”

“எத்தினையாவது?”

“என்ன?”

“இது எத்தினையாவது தரம் எண்டு கேட்டன்.”

“ரெண்டாவது.”

“பதினேழாவது வரட்டும்,” என்ற எல்சி ஒரு மணியைப் பொறுக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துளை வழியே வெளிச்சத்தைப் பார்த்தாள். நேரான துளை. அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். தட்டு மூன்றாம் தடவையாக நடுங்கத் தொடங்கியது.