குளத்துக் கணக்குக்கு மூன்று பெயர்கள்

குழுவுக்குப் பொறுப்பானவர்களின் முழுப்பெயரும் படமும் தங்கள் இணையத்தளத்தில், எல்லாரும் பார்க்கும்படி இருக்கவேண்டும் என்று மின்னஞ்சல் வந்திருந்தது. இல்லாவிட்டால் எங்களைத் தொடர்ந்து வைத்திருக்க முடியாதாம். அனுப்பியது வெளிநாட்டில் உள்ள, இலாப நோக்கமற்ற ஓர் அமைப்பு. அறிவியல் மென்பொருள் எழுதி இலவசமாகக் கொடுக்கும் எங்களைப் போன்ற சின்னக் குழுக்களுக்கு அவர்கள்தான் குடை பிடிக்கிறார்கள். மென்பொருள் ஓடும் சேர்வர் கணினிக்குப் பணம் கட்டுவதும் சட்டச் சிக்கல் வந்தால் முன்னால் நிற்பதும் அவர்களே. கடிதம் அன்பாகத்தான் இருந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு அதை இன்னொரு முறை வாசித்தேன்.

எங்கள் மென்பொருள் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதில் வெயில் எவ்வளவு குடிக்கும், மண் எவ்வளவு குடிக்கும் என்று பார்த்து, மழை இல்லாத சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் நெல் விதைக்கலாம் என்று சொல்லும். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே திறந்து திருத்தலாம். துணுக்காய்ப் பக்கத்துக் கமக்காரர்கள் விதைப்பைத் தீர்மானிக்கும் போகக் கூட்டத்துக்குப் போகமுன் அதைத்தான் பார்க்கிறார்கள். முந்தியெல்லாம் கூட்டத்தில் சத்தம் கூடியவர் சொன்ன ஏக்கரை விதைப்பார்கள். கதிர் பால் பிடிக்கும் நேரம் வாய்க்கால் காய்ந்துபோகும். பிறகு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு திரிவார்கள்.

நாங்கள் மூன்று பேர். கிளிநொச்சியில் கணிதம் படிப்பிக்கும் நான், துணுக்காயில் வயல் செய்யும் பட்டதாரி ஒருவர், மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தில் இங்கேயே பிறந்த ஒரு பெண். நிரலில் பெரும்பகுதி அவள் எழுதியது. மூவருமே மரங்களின் பெயரில்தான் எழுதினோம். நான் பாலை, அவர் முதிரை, அவள் வேம்பு. வெளிநாட்டுக்காரர் நான் பெண் என்று தெரியாமல் எனக்கு "மதிப்புக்குரிய திரு. பாலை அவர்களுக்கு" என்று எழுதுவார்கள். விழுந்து விழுந்து சிரிப்போம். ஆனால் பகிடிக்காக வைத்த பெயர்கள் இல்லை அவை. பயத்தில் வைத்தவை.

சனிக்கிழமை நான் படிப்பிக்கும் ரியூசன் கொட்டிலில், பிள்ளைகள் போன பிறகு கூடினோம். வயல் செய்பவர் கதிரையில் இருக்கவே இல்லை.

"முந்தி ஒருக்கா ரெண்டு சீஐடிக்காரர் மோட்டச்சைக்கிள்ள வந்து, வெளிநாட்டுக் காசு ஆருக்கு வருகுதெண்டு கேட்டவை ரீச்சர். ஒரு சதமும் என்ர கைக்கு வாறேல்லையெண்டு சொன்னனான். நம்பீனமே? இப்ப படத்தையும் போட்டால், நாங்களே வீட்டு வாசலைக் காட்டிக் குடுத்த மாதிரி."

"போடாட்டி எல்லாம் நிண்டுபோகும்," என்றாள் அவள். "சிறுபோகக் கூட்டம் வருகுது. தண்ணிக் கணக்கை ஆரிட்டக் கேப்பினம்? நீங்கள் ரெண்டு பேரும் விடுங்கோ. நான் மட்டும் போடுறன் அக்கா."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அவளுக்கு ஒரு சின்னக் குழந்தை இருக்கிறது. துணிச்சலைக் காட்ட இதுவா இடம் என்று கத்தினேன். கத்தி முடிந்ததும், அவளைத் தனியே விட முடியாது என்பது எனக்கே விளங்கிவிட்டது. மூவரும் போடுவோம் என்று சொன்னது என் வாய்தான். வயல் செய்பவர் படம் எடுக்கச் சட்டைக் கொலரைச் சரிசெய்தார்.

இரண்டு நாளில் எங்கள் பெயர்களும் முகங்களும் தளத்தில் ஏறின. அன்று பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியெல்லாம், பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம் என் சைக்கிளை ஓரம் கட்டினேன். ஒருவரும் நிற்கவில்லை.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போர் முடிந்த நாட்களில், வந்து பெயரைப் பதியுங்கள், விட்டுவிடுவோம் என்று இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அண்ணா போய்ப் பதிந்தார். இன்றுவரை திரும்பவில்லை. அதற்குப் பிறகு அம்மா கோயில் அர்ச்சனைக்குக்கூட எங்கள் பெயர்களைச் சொன்னதில்லை. சாமியின் பெயருக்கே செய்யுங்கோ என்றுவிடுவார்.

குசினியில் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"எல்லாரும் பாக்கிற இடத்திலயோ பேரைப் போட்டனி?"

"ஓம் அம்மா."

கத்தியைக் கீழே வைத்தார். அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "பயப்பிடாதேங்கோ அம்மா, நான் தனிய இல்லை. மூண்டு பேரும் சேர்ந்துதான் போட்டனாங்கள்" என்றேன்.

"கொண்ணனும் தனியப் போகேல்லையடி," என்றார் அம்மா. "கனபேரோடதான் வரிசையில நிண்டவன்."