மாரிஸ் அண்ணன் உட்கார்ந்து பார்த்த கார்கள்

மாரிஸ் அண்ணன் காருக்குள் தலையை முதலில் நுழைப்பதில்லை. முன்னால் இடதுபக்கக் கதவைத் திறந்து, காருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்பக்கத்தை மெதுவாக இருக்கையில் இறக்குவார். "ஆ... மாதாவே..." என்று ஒரு முனகல். அப்புறம் வலது தொடையை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைப்பார். இடது கால் தானாகப் பின்னால் போய்ச் சேரும். ஷோரூம் பெண்கள் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வருவார்கள். "அங்கிள், ஓகேவா?"

அங்கிளுக்கு ஒரு கேடும் இல்லை. அறுபதைத் தாண்டியும் ஆள் குத்துக்கல் மாதிரி இருக்கிறார். அந்த நேரத்தில் அவர் மாரிஸ் இல்லை, அவ்வளவுதான். போன வருடம் இடுப்பில் ஆப்பரேஷன் செய்துகொண்ட தன் மனைவி மகதலேனா.

பண்டமாரானில் அவர் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன் என்பதால், கார் வாங்கும் விவகாரமும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவராக முடிவு செய்துகொண்டார். சனிக்கிழமை விடிந்தால் கேட்டில் நின்று குரல் கொடுப்பார். "சார், ஒரு வண்டி வந்திருக்காம். சும்மா பாத்துட்டு வந்துருவோம்லா." கிள்ளானிலிருந்து கிளென்மேரி வரை நாங்கள் ஏறி இறங்காத ஷோரூம் இல்லை. ஜப்பானில் ஓடி இங்கே வந்த ரீகான் வண்டி, ஒரே ஆள் கையில் ஓடிய பழைய வண்டி, நம் சக்திக்குக் கொஞ்சம் மேலே நின்று பல்லைக் காட்டும் புது வண்டி, எல்லாவற்றிலும் உட்கார்ந்து முனகியாயிற்று. எனக்கு மானம் போய்த் திரும்பி வந்து மறுபடியும் போயிற்று.

அண்ணன் போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தொடக்கத்தில் கிளிண்டான் வேலை. லோரி நெருக்கமான இடத்தில் முன்னேறும்போது, அதன் எதிரே நின்று, பின்னோக்கி நடந்தபடி கைகாட்டுகிற ஆள். அந்தத் தொழிலில் அவர் கற்ற பாடம் ஒன்றுதான். "டிரைவர் லெஃப்ட்டு ரைட்டுன்னு யோசிக்கப்படாது சார். என் கை நீட்டுற பக்கந்தான் பக்கம். யோசிச்சான்னா சுவத்துல ஏத்திருவான்."

வீட்டில் இருக்கும் பழைய கார் தாழ்வானது. கிணற்றில் இறங்குவது போல அதில் இறங்க வேண்டும். ஆப்பரேஷனுக்குப் பிறகு மகதலேனா அக்கா இரண்டு முறை முயன்று, மூன்றாம் முறை வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கோயிலுக்குப் போவது நின்றது. ஞாயிறு பூசையை மைலோ டின்னில் சாய்த்துவைத்த செல்போனில் பார்க்கிறார். "பிரசங்கம் கேக்கலாம் சார். போன்ல நன்மை அப்பம் வாங்க முடியுமா?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டார். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழா. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரு வருடமும் தவறியதில்லை. இந்த வருடம் தவறிவிடுமோ என்பதுதான் மாரிஸ் அண்ணனின் கவலை எல்லாம்.

சரி, உயரம்தான் வேண்டும் என்றால் விலை குறைந்த சாதாரண கார் போதாதா, சொகுசுக் கார் எதற்கு? மகள் பிரெண்டா போனில் இதைத்தான் சண்டையாகக் கேட்கிறாள். அதற்கும் ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில் வீட்டில் துணைக்கு ஆளில்லை என்று, ஈப்போவுக்கும் ஜொகூருக்கும் மனைவியை லோரியிலேயே பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போயிருக்கிறார். "இவரு லோரி குலுக்குன குலுக்குலதான் என் இடுப்பு போச்சு" என்று ஆஸ்பத்திரியில் அக்கா நர்சிடம் விளையாட்டாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "போதும் சார். இனிமே லேனா குலுங்கக் கூடாது. பேரு, லோகோ எல்லாம் எனக்கு எதுக்கு?"

குலுக்கலை அளக்க அவரிடம் ஒரு கருவி உண்டு. பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ பூங்குஸ், பால் கலக்காத தேநீர். டெஸ்ட் டிரைவுக்கு வண்டியை விற்பனையாளர் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து, தேநீர்ப் பையைச் சுண்டுவிரலில் தொங்கவிட்டுக்கொள்வார். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பை எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார். வெண்ணெய் நிறத் தோல் இருக்கை, அதன்மேல் ஊசலாடும் கறுப்புத் தேநீர். விற்பனையாளர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கிளென்மேரியில் ரிஷி என்ற பையன் மட்டும் முகம் சுளிக்காமல் ஒரு துண்டை எடுத்து அவர் மடியில் விரித்தான். "மெதுவா பாருங்க, அங்கிள்." அந்த வண்டியில் தேநீர் ஆடவே இல்லை என்றே சொல்லலாம். ரீகான் வண்டி, வெள்ளை நிறம். அண்ணன் பையில் ஸ்ட்ரா குத்தித் தேநீரை உறிஞ்சினார். பிடித்துப்போயிற்று என்று அர்த்தம்.

போன சனிக்கிழமை ரிஷி அந்த வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்தான். அக்கா பூசைக்குக் கட்டும் நீலப் புடவையில், முகத்தில் பவுடரோடு, கைத்தடி ஊன்றி வந்தார். அண்ணன் கதவைத் திறந்து ராஜமரியாதையோடு நின்றார். அக்கா திரும்பி உட்கார்ந்தார். உயரம் கச்சிதம். வலது கால் உள்ளே போயிற்று. இடது கால் வெளியிலேயே நின்றுவிட்டது. தூக்கப் பார்த்தார், முகம் வெளிறியது. "ஐயோ... முடியலங்க."

"வலிக்கிற கால முதல்ல வையி, லேனா! எத்தன தடவ பண்ணிப் பாத்திருக்கேன்!"

"இந்தப் பக்கத்துல அது எப்படிங்க முதல்ல போகும்?"

"இப்படி, இந்தா!" அண்ணன் தன் வலது தொடையை ஓங்கித் தட்டினார். "இந்தக் காலு!"

அக்கா அவர் தொடையைப் பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார். "ஏங்க, எனக்கு அறுத்தது லெஃப்ட்டுங்க."

மாரிஸ் அண்ணன் தொடையில் தட்டிய தன் கையைப் பார்த்தார். தினமும் காலையில் எதிரே நின்று அக்காவைக் கட்டிலிலிருந்து எழுப்புகிறவர். தன் வலது கைக்கு நேரே இருக்கும் அக்காவின் காலைத்தான் தாங்கிப் பிடிப்பார். அந்தப் பக்கம்தான் அவருக்குப் பக்கம். அதையே அப்படியே தன் உடம்புக்கு மாற்றி, மாதக்கணக்காக வேறு காலுக்கு முனகியிருக்கிறார்!

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். அக்கா அடக்கவில்லை, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணனோ லோங்காங் ஓரத்தில் சாக்கடை மூடிமேல் உட்கார்ந்துவிட்டார். "அத்தன வண்டியும் வீணா போச்சே, லேனா. திருவிழா வந்துருச்சே." அவர் குரல் உடைந்ததும் எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

ரிஷிதான் வலதுபக்கப் பின்கதவைத் திறந்தான். "ஆன்டி, இந்தப் பக்கமா ட்ரை பண்ணுங்களேன்."

அக்கா சுற்றி வந்து உட்கார்ந்தார். இங்கே இடது கால்தான் முதலில் போக வேண்டும். இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். வலது கால் தானாகப் பின்னால் போய்ச் சேர்ந்தது. முனகல் இல்லை.

"பின்னாலயா?" அண்ணன் எழுந்து வந்தார். "அப்ப நான் உனக்கு டிரைவரா?"

"இத்தன வருஷமா வேற என்னவாம்?"

"பக்கத்துல இருக்க மாட்டியே, லேனா."

"அட, நான் எங்க போயிடப் போறேன்? கோயில் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ப் பாப்போம். எடுங்க வண்டிய."

அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். இத்தனை மாதங்களில் எந்தக் காரிலும் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெல்ட்டைப் போட்டார். பிறகு கை மேலே போய் உள்கண்ணாடியைத் திருகத் தொடங்கியது.

"அங்கிள், அப்படி வச்சா பின்னாடி ரோடு தெரியாதே" என்றான் பக்கத்தில் உட்கார்ந்த ரிஷி.

"லோரியில இது ஏது தம்பி? ரோட்டுக்கு சைடு கண்ணாடி ரெண்டு போதும்" என்று சொல்லிவிட்டு, உள்கண்ணாடியில் மகதலேனா அக்காவின் முகம் முழுதாக வரும்வரை ஒற்றை விரலால் திருப்பிக்கொண்டே இருந்தார்.