வோல்டர் மீது எனக்கு வந்த பொறாமை

செத்துப்போன ஒரு மனிதனின் காலுறையைத் தொடுவதற்கு முன்னால் நான் கை கழுவவேண்டும். ஊரில் செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்போம். இங்கே முறை தலைகீழ். மெல்பேர்ண் புறநகர் நூலகம் ஒன்றின் பின்னறையில், செவ்வாயும் வியாழனும், சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிய வெள்ளைத் தாளைப் பிரித்து வோல்டரின் காலுறையை வெளியே எடுப்பேன். குதிக்காலில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையையும் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

வைத்தியசாலை ஆய்வுகூட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த நூலகத்தின் உள்ளூர் வரலாற்று அறையில் தொண்டராகச் சேர்ந்தேன். அறைக்குப் பொறுப்பு ஹெலன். அவள் எனக்குத் தந்த முதல் வேலை வோல்டரின் பெட்டி. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் மார்கரெட், வோல்டரின் பூட்டப்பிள்ளை. எண்பது வயதைத் தாண்டியவர்.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இங்கே 'ஃபுட்டி' என்பது நம்முடைய உதைபந்தாட்டம் அல்ல. பந்து முட்டை வடிவம். கையால் பிடிக்கலாம், நிலத்தில் தட்டிக்கொண்டே ஓடலாம், ஆளைக் கட்டிப்பிடித்து விழுத்தலாம். கம்பங்களுக்கு நடுவில் கோல் காப்பாளர் என்று ஒருவரும் நிற்பதில்லை. வோல்டர் இந்த ஆட்டம் பிறந்து தவழ்ந்த காலத்து, நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஆள். குதிரைச் சேணம் தைக்கும் கடையில் வேலை. சனிக்கிழமை அரைநாள் விடுமுறையில் பூங்காவுக்குப் போய் ஆடுவான். அப்போது சரியான மைதானம்கூடக் கிடையாது. ஆடுகளத்தின் நடுவில் யூக்கலிப்டஸ் மரங்கள் நிற்கும். பக்கத்துக்கு எத்தனை பேர் என்பதையே அன்றைக்குத்தான் பேசி முடிவு செய்வார்களாம். பந்து கிழிந்தால் அங்கேயே உட்கார்ந்து ஊசியும் நூலும் எடுத்துத் தைப்பவன் வோல்டர்தான். ஒரு பருவம் அணித்தலைவன். ஒருநாள் பந்தைத் துரத்திப்போய் மரவேரில் தடுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான். அடுத்த குளிர்காலம் திரும்ப வந்து ஆடினான். பிறகு முழங்கால் போயிற்று. ஆட்டத்தை விட்டான், வேலை தேடிச் சிட்னிக்குப் போனான், சில வருடங்களில் திரும்பி வந்து தன் பழைய கழகத்தின் மைதானக் காவலாளியாகவே செத்தான். கூட ஆடியவர்கள் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். இவ்வளவுக்கும் அந்தப் பெட்டிக்குள் காகிதம் இருந்தது. எந்த முழங்கால் என்பதுகூட இருந்தது. இடது.

என் அப்பாவும் ஆட்டக்காரர். வலிகாமத்தில் எங்கள் ஊர் அணிக்காகப் பத்து வருடத்துக்கு மேல் உதைபந்தாட்டம் ஆடியவர். அவருடைய கிண்ணங்கள், அணிப்படங்கள் எல்லாம் வீட்டு அலுமாரியில் இருந்தன. சண்டையில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது உடுப்புப் பையோடு ஓடினோம். பிறகு அலுமாரியும் இல்லை, அது நின்ற வீடும் இல்லை. அப்பா வன்னியில், யாரோ கொடுத்த கொட்டிலில் செத்தார். நான் அப்போது சிட்னியில், பென்டில் ஹில்லில். தகவல் என்னிடம் வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. திகதியை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். இன்றைக்கும் ஆடி அமாவாசையன்றுதான் அவருக்குப் படைக்கிறேன். சரியான நாள் எனக்குத் தெரியாது.

ஆகவே வோல்டரின் மரணச் சான்றிதழைப் பதிவு செய்த அன்று எனக்கு எரிந்தது. நேரம்கூடப் போட்டிருந்தார்கள். ஒரு சேணம் தைப்பவனுக்கு, சில வருடம் பந்தடித்தவனுக்கு, இத்தனை தாள், இத்தனை கவனம், ஓட்டைக் காலுறைக்கு வெள்ளைப் போர்வை. நான் அவனை வெறுக்கத் தொடங்கினேன். அவனைப் பற்றி ஏதாவது மோசமாக அகப்படாதா என்று ஒவ்வொரு தாளையும் திருப்பினேன்.

அகப்பட்டது ஒரு கடிதம். சிட்னியிலிருந்து தங்கைக்கு எழுதியது. இங்கே நம்முடைய மெல்பேர்ண் ஆட்டத்தை ஒருவருக்கும் தெரியாது, தங்குமிடத்தில் நான் அணித்தலைவனாக இருந்தவன் என்று சொன்னேன், சிரித்தார்கள், இப்போது சொல்வதில்லை என்று எழுதியிருந்தான். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன். சிட்னியில் என் முதல் வேலை பரமட்டாவில் ஒரு சமையலறையில் சட்டி கழுவுவது. ஊரில் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் என்று மேற்பார்வையாளனிடம் சொன்னேன். "நல்லது, அப்ப சுத்தமாய்க் கழுவுவாய்" என்றான். அதன்பிறகு நானும் யாருக்கும் சொல்லவில்லை. வோல்டர்மேல் இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. என் தனிமையைக்கூட எனக்கு முன்னால் அனுபவித்து, எழுதி, கையெழுத்தும் வைத்துவிட்டுப் போயிருக்கிறானே என்றுதான் தோன்றியது. கடிதத்தைப் பதிவேட்டில் சேர்க்காமல் என் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மனைவி சாந்தி அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள்கூட ஆகவில்லை.

"இது ஆற்றை கடிதம்?"

"வோல்டரின்ரை."

"செத்தவன்ரை கடிதம் உங்களுக்கு என்னத்துக்கு?"

"அவனுக்கு ஒரு பெட்டி நிறைய இருக்கு. ஒண்டு குறைஞ்சால் என்ன?"

அவள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அங்கே நின்றபடியே சொன்னாள்: "எங்கடை வீட்டுச் சாமானை அள்ளிக்கொண்டு போனவங்களும் இப்பிடித்தானே நினைச்சிருப்பாங்கள்."

அதற்குப் பிறகு அந்தக் கடிதம் வீட்டில் இருந்த ஒவ்வொரு மணித்தியாலமும் எனக்குப் பாரமாக இருந்தது.

வியாழக்கிழமை போனபோது ஹெலனோடு மார்கரெட்டும் இருந்தார். கடிதத்தை மேசையில் வைத்து, திருடியதை நானே சொன்னேன். ஹெலனின் முகம் சிவந்தது. இனி நான் தனியாக அந்த அறையில் இருக்கமுடியாது, மேலிடத்துக்கும் அறிவிக்கவேண்டும் என்றாள். சரி என்றேன். மார்கரெட் மட்டும், "ஏன்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "என் அப்பாவும் ஆட்டக்காரர். அவருடையது என்று ஒரு துண்டுக் காகிதமும் என்னிடம் இல்லை. எனக்குப் பொறாமை."

அவர் கடிதத்தை எடுத்து வாசித்தார். வோல்டர் சிட்னியில் சந்தோசமாக இருந்தார் என்றுதான் குடும்பத்தில் சொல்லிவந்தார்களாம். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு, "சனிக்கிழமை உனக்கு என்ன வேலை?" என்றார்.

சனிக்கிழமை வோல்டரின் பழைய கழகம் ஆடியது. குளிர் எலும்பில் குத்தியது. மார்கரெட் என் மடியில் ஒரு கம்பளியைப் போட்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"உன் அப்பா எந்த இடத்தில் ஆடுவார்?"

"கம்பங்களுக்கு நடுவில் நிற்பார். பந்தை உள்ளே விடமாட்டார்."

"ஓ, ஃபுல் பேக்!" என்றார். ஃபுட்டியில் கம்பங்களுக்கு முன்னால் கடைசி ஆளாக நின்று தடுப்பவருக்கு அந்தப் பெயர்.

"இல்லை. அங்கேயே நிற்பவர். அவர் ஒருவர்தான் பந்தைக் கையால் பிடிக்கலாம்."

"எல்லோரும் கையால் பிடிக்கலாமே?" என்று அவர் குழப்பத்தோடு மைதானத்தைக் காட்டினார். பிறகு பக்கத்திலிருந்த கிழவரிடம் திரும்பி, "இவருடைய அப்பா பெரிய ஃபுல் பேக். எங்கள் வோல்டரைப் போல" என்று பெருமையோடு சொன்னார். கிழவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் திருத்தவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு ஒருவர் அப்பாவைப் பெரிய ஆட்டக்காரர் என்கிறார். அதிலும் பாதி வோல்டருக்குப் போகிறதே என்று வயிறு எரியத்தான் செய்தது.

அந்த நேரம் வோல்டரின் கழகத்துப் பையன் ஒருவன் தூரத்திலிருந்து உதைத்தான். பந்து உயர எழும்பி, ஒருவருமே காவல் நிற்காத அந்தக் கம்பங்களை நோக்கிப் போனது. எல்லோரும் எழுந்து கத்தினார்கள். நானும் எழுந்து, தொண்டை கிழிய அவர்களோடு சேர்ந்து கத்தினேன். ஆனால் பந்து காற்றில் இருந்த அத்தனை நேரமும், அதை யாராவது பாய்ந்து பிடித்துவிடவேண்டும் என்று என் இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன.