டயருக்குப் பால் ஊற்றினார் என் கணவர்

கல்யாணமான புதிதில் நாங்கள் கோலா பிலா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். என் கணவர் அங்கே மண்டோர்; தொழிலாளர்களை மேற்பார்க்கும் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ரப்பர் மரங்களில் பாதியை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். அவர் டவுன் சைக்கிள் கடையில் ஆசை ஆசையாக வாங்கிய மவுண்டன் பைக்குக்குச் செம்பனை முள்தான் எமன். காலையில் ஏறிப் போகிறவர், மத்தியானம் தள்ளிக்கொண்டு வருவார்.

டியூபில் இனி ஒட்டுப்போட இடமில்லை என்றானதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"உள்ள ரப்பர் பால ஊத்தி வச்சிட்டா, முள்ளு குத்துன எடத்துல தானா அடைச்சிக்கும் லா!"

"செத்தவங்களுக்குத்தானேங்க பால் ஊத்துவாங்க?" என்றேன். அவர் காதிலேயே வாங்கவில்லை.

சில்லி சாஸ் போத்தலைக் கழுவி, அதில் பாலை நிரப்பி, வால்வு வழியாகப் பீய்ச்சினார். மறுநாள் பால் உறைந்து ஒரே கட்டியாகக் கிடந்தது. சைக்கிள் நொண்டிக் குதிரைபோல் துள்ளியது. அவர் சளைக்கவில்லை. புது டியூப் மாட்டி, பால் உறையாமலிருக்கத் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் கலக்கும், மூக்கைத் துளைக்கும் அமோனியாவையும் இம்முறை சேர்த்தார். தாராளமாகவே சேர்த்தார்.

அந்த வாரம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு கல்யாணம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பின்னால் கேரியரில் உட்கார்ந்தேன். செம்பனைக்குள் குறுக்கு வழியில் போகையில் பின்சக்கரம் 'உஸ்ஸ்' என்றது.

"முள்ளு குத்திருச்சு, நிறுத்துங்க!"

"எறங்காத புள்ள! சக்கரம் சுத்துனாத்தான் பாலு ஓட்டைக்கு வரும்!"

இன்னும் வேகமாக மிதித்தார். பால் ஓட்டைக்கு வந்தது. மட்கார்டு இல்லாத சைக்கிள் என்பதால் அங்கிருந்து நேராக என் முதுகுக்கும் வந்தது. கொஞ்ச தூரத்தில் சத்தம் அடங்கியது. இறங்கி டயரை அமுக்கிப் பார்த்தவர் முகத்தில் இருந்த பூரிப்பை அன்று மாப்பிள்ளை முகத்தில்கூட நான் பார்க்கவில்லை.

முதுகை முந்தானையால் மூடிக்கொண்டு மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பக்கத்திலிருந்த பெண் மூக்கைச் சுளித்து, மடியிலிருந்த பிள்ளையின் துணியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. பின்வரிசை அம்மா எழுந்தே விட்டார்.

"யாரு வீட்டுப் புள்ள ஒண்ணுக்குப் போச்சு?"

வரிசை வரிசையாகப் பிள்ளைகளைத் தூக்கிப் பார்த்தார்கள். நானும் ஒப்புக்கு ஒரு பிள்ளையைத் தூக்கிப் பார்த்தேன். அட்சதை போட எல்லாரும் எழுந்தபோது நானும் எழுந்தேன். என்னோடு பிளாஸ்டிக் நாற்காலியும் எழுந்தது. இரண்டு பெண்கள் அதைப் பிடித்து இழுத்தார்கள். 'பரக்' என்று சேலையை விட்டது. மேளம் ஒரு நொடி நின்றே போயிற்று.

அவமானத்தில் என் கணவரைத் தேடினேன். வாசலில் ஆண்கள் சூழ, டயரைச் சுற்றிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். "காத்து கொஞ்சங்கூட எறங்கல, அமுக்கிப் பாருங்க அண்ணே!"

மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் ஆளுக்கொரு போத்தலோடு அவர்கள் நின்றார்கள். எல்லார் டயருக்கும் பால் ஊற்றினார். அப்புறம் கொஞ்ச காலம், காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்தில் சைக்கிள்கள் வந்து சேர்ந்தாலே ஆபீஸில் கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆபீஸ் கக்கூஸை மறுபடியும் கழுவச் சொல்லி ஆளை அனுப்புவார்.