ஏழாவது ஷாட்

கேமராவைத் தொட்டதற்காக மட்டும் நான் மூன்று பேரை அடித்திருக்கிறேன். முதலாவது ஆள் படப்பையில் என்னோடு அறையில் தங்கியிருந்தவன். புரோட்டா தின்ற கையைக் கழுவாமல் லென்ஸைத் தூக்கிப் பார்த்தான். நான் விட்ட அறையில் உதடு கிழிந்துவிட்டது. இரண்டாவது, ஷேர் ஆட்டோவில் என் பைமேல் உட்கார்ந்த ஒரு பெரிய மனிதர். மூன்றாவது, என்னைப் பார்க்க ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்த என் சொந்தத் தம்பி. ஃபிளாஷைத் திருப்பிப் பார்த்தது தவிர அவன் ஒன்றும் செய்யவில்லை. முதுகில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

பெருமைக்குச் சொல்லவில்லை. அப்போது எனக்குப் பிடித்திருந்த வெறி எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் லைனில் இருந்தேன். தகட்டை வைக்க வேண்டும், இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்த வேண்டும், மேலேயிருந்து இரும்பு இறங்கித் தரையே அதிரும்படி அடிக்கும், வளைந்த தகட்டை எடுத்துப் போட வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு இதே வேலை. கணக்குக் குறைந்தால் சூப்பர்வைசர் வாயில் என் அம்மாவும் அக்காவும் வந்து போவார்கள். தூக்கத்தில்கூட என் கட்டைவிரல்கள் அழுத்திக்கொண்டே இருக்கும் என்று அறையில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவனுக்கு, தன் இஷ்டத்துக்கு மட்டுமே அழுத்துகிற ஒரு பட்டன் கிடைத்தால் எப்படி இருக்கும்? 2011இல் சென்னையில் ஒரு பழைய கேமராக் கடையில் செகண்ட் ஹாண்டாக அந்த டி.எஸ்.எல்.ஆரை வாங்கினேன். அடுத்த வருஷம் ஒரு ஜூம் லென்ஸ். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மனிதனாக இருந்தேன். மற்ற நாட்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்த ஞாயிறுகளில் என்னோடு வந்தவன் ஒருவன்தான். அதே கம்பெனியில் வெல்டிங் பக்கம் வேலை, கான்ட்ராக்ட். ஏரிக்கு அந்தக் கரையில் இருந்த ஊர்க்காரன். எங்கள் கம்பெனி கேன்டீன் நிற்கிற இடத்தில்தான் அவன் அப்பா வேர்க்கடலை போட்டாராம். அவனிடம் கேமரா கிடையாது. ஆனால் என் கேமராவுக்கு வேண்டியதெல்லாம் செய்து தந்தவன் அவன்தான். பழைய யூனிஃபார்ம் பேன்ட்டின் காலை வெட்டி, தவிடு நிரப்பித் தைத்துக் கொடுத்தான். கரையில் போட்டு அதன்மேல் லென்ஸை வைத்தால் ஆடவே ஆடாது. பாகங்கள் வரும் அட்டைப்பெட்டியில் கிடக்கும் சிலிகா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் போட்டு, லென்ஸில் பூசணம் வராமல் காத்தான். கடைசியாக, கழிவில் கிடந்த இரும்புக் குழாயை வெட்டி, தலையில் கால் அங்குல போல்ட் வைத்து வெல்டு பண்ணி, ஒற்றைக்கால் ஸ்டாண்ட் ஒன்று செய்து வந்தான். கேமராவை அதில் திருகி நிற்க வைத்தால் மலை மாதிரி நின்றது. அதைத் தூக்க ஓர் ஆள் வேண்டும் என்பது வேறு விஷயம். அவனே தோளில் போட்டுக்கொண்டு வருவான்.

நான் படம் எடுத்துக் காட்டினால், பின்பக்கத் திரையில் பட்டனை அழுத்தி அழுத்திப் பறவையின் கண் தெரியும்வரை பெரிதாக்குவான். சரியில்லை என்றால் "சொதப்பிட்ட" என்பான். சரியாக இருந்தால் "ஷார்ப்பா கீது". இந்த இரண்டைத் தவிர மூன்றாவது விமர்சனம் அவனிடம் கிடையாது. அந்த இரண்டாவது வார்த்தைக்காக நான் எத்தனையோ தடவை சேற்றில் படுத்திருக்கிறேன்.

மாசி மாதம். மூன்றாம் ஷிஃப்ட் முடிந்து நேராக ஏரிக்குப் போனோம். கரையோரம் வற்றி, தண்ணீர் நடுவில் மட்டும் கிடந்தது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று அந்தரத்தில் சிறகடித்தபடி நின்றது. அது பாய்வதைப் பிடிப்பதற்காகக் கேமராவைத் தயாராக வைத்திருந்தேன். அழுத்திப் பிடித்தால் படபடவென்று விடாமல் எடுக்கும். எதிரில் இருப்பது எப்படி அசைந்தாலும் ஃபோகஸ் அதைத் துரத்திக்கொண்டே போகும்.

அந்தப் பக்கத்தில் ஒரு ஜேசிபி ஏரி மண்ணை வாரி டிப்பரில் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கோ பிளாட் போட்டு விற்க மேடாக்குகிறார்கள் போல. நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஆனால் அவர்கள் என் லென்ஸைக் கவனித்துவிட்டார்கள். அவ்வளவு நீள லென்ஸை அந்தப் பக்கம் பத்திரிகைக்காரன்தான் கொண்டுவருவான் என்பது அவர்கள் கணக்கு. வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவனும் அவன் பின்னால் இரண்டு பேரும் வந்தார்கள்.

"எந்த பேப்பர்டா நீ?"

"பேப்பர்லாம் இல்லண்ணே. பறவையத்தான் எடுத்தேன்" என்றேன்.

"கொக்கு படம் எட்க்கிற மூஞ்சிய பாரு. குட்றா அத்த!"

சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் விழுந்தது. அடுத்த குத்து லென்ஸுக்கு. அதன் முகப்பில் மாட்டியிருந்த ஹூட் தெறித்துச் சேற்றில் போய் விழுந்தது. நண்பன் ஸ்டாண்டைக் கீழே போட்டுவிட்டு நடுவில் பாய்ந்தான். "ணா, நான் இந்த ஊர்க்காரன்தாண்ணா, இவன் நம்ம கம்பெனி ஆளு" என்று வெள்ளைச் சட்டையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். என் கழுத்தைப் பிடித்திருந்த கை விலகியது.

நான் ஓடினேன். கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு, மேட்டில் நின்ற பைக் வரைக்கும் ஓடினேன். யாரும் என்னைத் துரத்தவில்லை.

திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேர் அவனைப் பிடித்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரன் குனிந்து அந்த இரும்புக் குழாயை எடுத்தான். முதல் அடி தோளில். இரண்டாவது முதுகில். அவன் முட்டி போட்டு விழுந்தான். மூன்றாவது அடி இடது காதோரம் இறங்கியது. அந்தச் சத்தம் பிரஸ் தகட்டில் இறங்குகிற சத்தம். எனக்கு அது நன்றாகப் பழகிய சத்தம். ஜேசிபி டிரைவர் ஓடிவந்து, "போதும்ணா, செத்து பூட போறான்" என்று இழுத்தார். அவர்கள் போன பிறகுதான் நான் இறங்கிப் போனேன். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் ஒரே கதையைச் சொன்னேன். என்னையும் இரண்டு பேர் சேற்றில் குப்புறப் போட்டு அமுக்கிவிட்டார்கள், எதையும் பார்க்க முடியவில்லை. அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவன் கட்டிலில் படுத்தபடி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொன்னார்.

இரண்டாம் நாள் அறையில் தனியாக இருந்தபோது கேமராவைப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் பதினோரு படங்கள் இருந்தன. ஓடிய ஓட்டத்தில் விரல் தானாக அழுந்திவிட்டது என்று ஒரு நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தானாக அழுந்திய படம் கோணலாக இருக்கும், பாதியில் வானம் இருக்கும். இந்தப் பதினொன்றிலும் ஏரிக்கரை நேர்க்கோடாக இருந்தது. ஆட்கள் நடுவில் இருந்தார்கள். கண்ணை வைத்துப் பார்த்துத்தான் அழுத்தியிருக்கிறேன். ஏழாவது படத்தில் வெள்ளைச் சட்டைக்காரனின் முகம் முழுதாகத் தெரிந்தது. குழாய் தலைக்கு மேலே ஓங்கியிருந்தது. முட்டி போட்டிருந்த என் நண்பன் கேமராவைப் பார்த்து வலது கையை நீட்டியிருந்தான். ஐந்து விரலும் விரிந்திருந்தன. என்னைத்தான் கூப்பிட்டான்.

மெமரி கார்டை எடுத்து ஒளித்து வைத்தேன். உடைத்துப் போடவும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் நாள் தகவல் வந்தது. வெள்ளைச் சட்டைக்காரன் தரப்பில் போலீஸில் புகார் கொடுத்துவிட்டார்கள். இரும்புக் குழாயோடு வந்து டிரைவரை அடிக்கப் பாய்ந்தது இவன்தானாம், தடுக்கும்போது கரையில் சறுக்கி விழுந்தானாம். குழாய் இவன் வெல்டு பண்ணியது. அதை மறுக்க முடியாது. எங்கள் பக்கத்து ஆதாரத்தைக் கொண்டுவராவிட்டால் மறுநாள் இவனைத்தான் தூக்குவார்கள். கேஸ் ஆனால் கான்ட்ராக்ட்காரன் அன்றைக்கே கேட் பாஸைப் பிடுங்கி அனுப்பிவிடுவான். ஒற்றைக் காதோடு வேறு எங்கே போவான்?

ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் ஏழாவது படத்தைப் போடச் சொன்னேன். கம்ப்யூட்டரில் நானே உட்கார்ந்து, ஓரத்தை வெட்டி கிராப் செய்தேன். வெள்ளைச் சட்டை, குழாய், அடி வாங்குகிறவன், அவ்வளவும் இருந்தன. நீட்டிய கை மட்டும் முழங்கையோடு போயிற்று. பிரின்ட்டையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

தலையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பிரின்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"கை எங்க மச்சி?"

"எந்தக் கை மாப்ள?"

"என் கை. நீட்டுனேனே. இதுல கை முட்டியோட நிக்குது." பிரின்ட்டின் ஓரத்தைத் தடவிவிட்டு, "கிராப் பண்ட்டியா?" என்றான்.

பிரின்ட் வந்த கவரை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"நீ வண்டியாண்ட நின்னுகினு கண்ல கேமராவ வச்சினு இருந்த. பாத்தேன்பா."

"அப்ப ஆஸ்பத்திரில நான் சொன்னப்ப ஏன் மாப்ள சும்மா இருந்த?"

"இன்னா சொல்றது?" என்றான். அவன் மனைவி சமையல்கட்டில் இருந்தார். அதனால்தான் மெதுவாகப் பேசினான் என்று நினைக்கிறேன். "கார்ட எட்த்தா."

கொடுத்தேன். கேமராவில் அதைப் போட்டு, மடியில் வைத்து ஏழாவது படத்துக்குப் போனான். வழக்கம்போலப் பட்டனை அழுத்தி அழுத்திப் பெரிதாக்கினான். வெள்ளைச் சட்டைக்காரனின் முகத்துக்குப் போகவில்லை. தன் கைக்குப் போனான். விரல் நகத்தில் இருந்த சேறுகூடத் தெரிந்தது.

"ஷார்ப்பா கீது" என்றான்.

அவன் என்னை அறைந்திருக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கைக்கு எட்டும் தூரம். அறைவான் என்று காத்திருந்தேன். கேமராவை அணைத்து, லென்ஸுக்கு மூடி போட்டு என்னிடம் கொடுத்துவிட்டான்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் முழுப் படத்தையும் கொடுத்தோம். எஸ்.ஐ. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"யார் எடுத்தது?"

"நான்தான் சார்."

"எவ்ளோ தூரத்துல நின்ன?"

"நூறடி இருக்கும் சார்."

"அவன் மண்டைய ஒடைக்கிறாங்க. கைய நீட்டிக் கூப்புடுறான். நீ நின்னு படம் எடுக்கிற. நீயெல்லாம் ஒரு ஆளாடா?"

நான் வாய் திறப்பதற்குள் நண்பன் பேசினான். "நான்தான் சார் எட்க்க சொன்னேன். ஆதாரம் வோணும்னு கைய காட்டி எட்க்க சொன்னேன்."

எஸ்.ஐ. நம்பவில்லை. ஃபைலை எடுக்க எழுந்து அவனுக்கு இடது பக்கமாக வந்தவர், நின்றபடி, "நெஜமாவே நீதான் எடுக்கச் சொன்னியா?" என்று கேட்டார். அவனுக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை. நான் தோளைத் தொட்டேன். அவன் உடம்பைத் திருப்பி, வலது காதை அவர் பக்கம் காட்டி, கேள்வியை இன்னொரு தடவை வாங்கிக்கொண்டு, அதே பதிலைச் சொன்னான்.