மஞ்சள் கோட்டை அழித்தவர்

உதயகலாவுக்கு யாரிலும் நம்பிக்கை கிடையாது. மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பாள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்காமல் வீட்டைவிட்டுப் புறப்பட்டதில்லை. இந்தக் குணத்தோடு குடும்பம் நடத்துவது கஷ்டம்தான். ஆனால் அவள் பார்க்கும் வேலைக்கு இதைவிட நல்ல குணம் கிடைக்காது.

தண்ணீர்க் குழாய் புதைக்க வீதியை உடைக்கும் முன், கீழே மின்கம்பி போகிறதா என்று கருவியை உருட்டிப் பார்ப்பதுதான் அந்த வேலை. கம்பி போகும் இடத்தில் மஞ்சள் கோடு போடுவாள். அங்கே மிஷின் படக்கூடாது, மண்வெட்டியால் மெதுவாகத்தான் தோண்ட வேண்டும். அலுவலக வரைபடத்தை அவள் நம்புவதில்லை. தான் போட்ட கோட்டையும் நம்பமாட்டாள், வேலை தொடங்கும் காலையில் வந்து இன்னொருமுறை பார்ப்பாள்.

மார்க்கண்டு வீட்டுக்கு முன்னால் போகும் சின்ன ஒழுங்கையில் அவள் கருவியை இறக்கியதுமே சனம் கூடிவிட்டது. எங்கள் பக்கத்தில் நிலத்துக்கு மேலே எதையாவது உருட்டிக்கொண்டு போகிறவர் எல்லாரும் பொன் தேடுகிறவர்தான். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்தபோது நகையைப் புதைத்துவிட்டு ஓடியவர்கள் கொஞ்சநஞ்சமா? மார்க்கண்டு எழுபது தாண்டியவர், மனைவியை இழந்தவர். கேற்றடிக்கு வந்து அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கீழை ஏதும் கிடக்குதோ?"

"கறண்ட் கம்பி ஐயா."

"கம்பியோ..." என்று இழுத்தார்.

அந்த இழுவை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆள் கள்ளக் கறண்ட் எடுக்கிறார் போல என்று நினைத்தபடியே அவருடைய கேற்றடியில் மஞ்சள் கோட்டைப் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது, குழாய் புதைக்க வந்த குருநகர்ப் பேதுரு தார் உடைக்கும் மிஷினை மார்க்கண்டுவின் கேற்றடியில் ஊன்றிவிட்டான். மஞ்சள் கோடோ அடுத்த வீட்டு மதிலடியில் கிடந்தது. ஸ்கூட்டியைச் சாய்த்துவிட்டு ஓடி வந்து மிஷினின் பிடியைப் பற்றினாள்.

"நிப்பாட்டு! ஆர் கோட்டை மாத்தினது?"

"அக்கா, நீங்கள் போட்ட கோடுதானே அங்கை கிடக்குது?"

"உது நான் போட்டதில்லை."

மார்க்கண்டு கூடி நின்றவர்களைப் பார்த்து, "பாத்தியளே, திரும்பவும் என்ரை கேற்றடிக்குத்தான் வாறாள்!" என்று சத்தம் போட்டார்.

கருவியை வைத்தாள். அது வீரிட்டது. தாரைக் கைக்கோடரியால் மெல்லக் கொத்தி எடுத்து, மண்ணை விலக்கிப் பார்த்தார்கள். பேதுரு மிஷினை ஊன்றியிருந்த இடத்துக்கு நேர் கீழே, தடித்த கறுப்புக் கம்பி. "மாதாவே" என்றபடி அவன் மிஷினை இழுத்து அப்பால் வைத்தான்.

உதயகலா மார்க்கண்டுவின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நீங்கள்தானே கோட்டை அழிச்சு அங்கை போட்டனீங்கள்? மஞ்சள் கோடெண்டால் மிஷின் படக்கூடாத இடம். இண்டைக்கு உவன் எரிஞ்சு செத்திருப்பான்!"

"கோடு போட்ட இடத்தைத்தான் கிண்டுவியள் எண்டு நினைச்சன் பிள்ளை..." என்ற மார்க்கண்டு பேதுருவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, பெற்ற மகளுக்கே சொல்லாததை ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"உந்தக் கம்பிக்குப் பக்கத்திலை பால்மா ரின் ஒண்டு கிடக்குது. என்ரை மனிசியின்ரை காப்பும் அட்டியலும். இடம்பெயரேக்கை புதைச்சது, அப்ப அது எங்கடை வேலியடி. றோட்டை அகலமாக்கித் தார் போட்டாப்பிறகு, கிண்டினால் ஆக்கள் பாப்பினம் எண்டு விட்டிட்டன்."

உதயகலா அதையும் உடனே நம்பவில்லை. மின்சார சபையிடம் கறண்ட்டை நிறுத்தச் சொல்லி, நின்றதைக் கருவியால் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் பேதுருவைத் தோண்ட விட்டாள். அவன் மண்வெட்டியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே மண்ணை விறாண்டினான். துருப்பிடித்த தகர ரின் வந்தது. இரண்டு கையாலும் ஏந்தி மார்க்கண்டுவிடம் கொடுத்தான்.

"திறந்து எல்லாம் கிடக்குதோ எண்டு பாருங்கோ ஐயா," என்றாள் உதயகலா.

அவர் மூடியைத் தொடவேயில்லை. ரின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேதுருவின் மண் பிடித்த கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.